இறைப்பு மெசினின் எண்ணெய்க் குழாய்

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில், மூன்று பந்துகள் கொண்ட சின்னப் பிளாஸ்டிக் பெட்டியொன்றைத் தாதி அப்பாவிடம் கொடுத்தாள். அதன் குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் எழும்ப வேண்டும். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினார்.

“ஊதாதேங்கோ ஐயா, உள்ளுக்கு இழுங்கோ.”

எனக்கு மண்ணெண்ணெய் மணத்தது. பெற்றோல் கிடைக்காத காலத்தில் எங்கள் தோட்டத்து இறைப்பு மெசின் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கசடு அடைத்து அடிக்கடி நின்றுவிடும். வெங்காயம் தண்ணீருக்கு வாடி நிற்கும். அப்பா மெசினிலிருந்து எண்ணெய்க் குழாயைக் கழற்றி வாயில் வைத்து, கண்ணில் தெறிக்காதபடி இமைகளை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க ஊதுவார். குழாயின் மறுமுனை சேரும் எண்ணெய்த் தாங்கிக்குள் நான் எட்டிப் பார்க்க வேண்டும்.

“வருதே பிள்ளை?”

அடைப்பு எடுபட்டால் குமிழிகள் கொப்பளிக்கும். “ஓம் அப்பா, வருது!” என்று கத்துவேன்.

“அப்ப இனி ஓடும்” என்று துப்பிவிட்டுச் சிரிப்பார். அந்த மூச்சுக்கு முன் எந்த அடைப்பும் நின்றதில்லை.

புற்றுநோய் இரண்டு நுரையீரலிலும் பரவிவிட்டது, இனி நோகாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று டொக்டர் காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அப்பாவிடம் சளிக்கட்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தாதி அடுத்த கட்டிலுக்குப் போனதும் அப்பா திரும்பவும் ஊதினார். இருமல் அவரை உலுக்கியது. பந்துகள் மூன்றும் அடியிலேயே கிடந்தன.

கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“வருதே பிள்ளை?”

“ஓம் அப்பா, வருது.”

நான் பிடித்த கிண்ணத்தில் துப்பிவிட்டு அப்பா சிரித்தார்.

“அப்ப இனி ஓடும்.”