ஒத்திகையில் தூக்கி வந்த ஆள்

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலை. அங்கே எரிக்க வரும் ரசாயனக் கழிவைக் கையாளும் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தருவது என் வேலை. அன்று என் முதல் ஒத்திகை. விஷவாயுவில் மயங்கியவனாகக் கிடக்கச் சொல்லி, செல்வத்தைக் கழிவுக் கொட்டகைக்குள் அனுப்பியிருந்தேன்.

சைரன் ஒலித்ததும் நால்வர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே ஓடி அவனைத் தூக்கி வந்தார்கள். எல்லோருக்கும் முழு உடுப்பு, முகமூடி. அவன் கை துவண்டு தொங்கியது.

"என்னமா நடிக்கிறான் பாருங்க! மாமியா வூட்டுல கூட இப்புடித் தூங்கியிருக்க மாட்டான்," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். நான் கைகூடத் தட்டினேன்.

அப்போது கொட்டகை வாசலில் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்து நின்றான் செல்வம்.

"சார், என்னையத் தூக்க யாரும் வரலையா?"

சிரிப்பு நின்றுபோனது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரின் முகமூடியை எடுத்தேன். பீப்பாய் அடுக்கப் போயிருந்த காசி அண்ணன். உதடு நீலமாகியிருந்தது. சிறுவாச்சூர்க் கோயிலுக்கு வேண்டி வளர்த்த தாடியால் முகமூடி முகத்தோடு ஒட்டாமல், இடுக்கு வழியே வாயு புகுந்திருக்கிறது. உள்ளே ஒரு பீப்பாய் உண்மையாகவே கசிந்திருக்கிறது.

"டிரில் இல்ல, நெசமாவே மயங்கிட்டாரு! ஆம்புலன்ஸக் கூப்புடுங்க!" என்று கத்தினேன்.

பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மெல்லச் சொன்னார்: "நீங்கல்லாம் சிரிச்சது கேட்டுச்சு சார். கையத்தான் அசைக்க முடியல."

இப்போதெல்லாம் ஒத்திகையில் யார் கிடந்தாலும் முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். பதில் வரும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.