முத்துச்செல்வி தேர்ந்து கொடுத்த இகுவானா

முத்துச்செல்விக்கு மன்னிக்கத் தெரியாது. அதை ஒரு குறையாக அவள் நினைத்ததும் இல்லை. விளாத்திகுளத்திலிருந்து பத்தொன்பது வயதில் கிளம்பி வந்தவள், ஒரகடம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் மூன்று வருடம் லைனில் நின்றாள். ஆறு பெண்கள் சேர்ந்து சுங்குவார்சத்திரத்தில் ஒரு அறை எடுத்திருந்தார்கள். ஓவர்டைம் தவறாமல் பார்த்தாள், ஒருவரிடமும் எதிர்த்துப் பேசியதில்லை. அந்த நல்ல பெயரெல்லாம் ஒரே நாளில் போயிற்று.

லைனை விட்டுக் கழிப்பறைக்குப் போக ஒரு பாஸ் வேண்டும். மொத்த லைனுக்கும் ஒரே அட்டை. அது சூப்பர்வைசர் ராஜசேகரின் சட்டைப் பையில் இருக்கும். மாதவிலக்கின் இரண்டாம் நாள், மூன்று தடவை போய்க் கேட்டாள். மூன்று தடவையும் "டார்கெட் முடிச்சிட்டுப் போ" என்றான். நாலாவது தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக் கோட்டில் கறை படிந்துவிட்டது. லைனை நிறுத்தாமலே, எல்லார் காதிலும் விழும்படி, "இதுக்குதான் பொம்பளைங்களே வேணாம்னேன். போய் தொடச்சிட்டு வா" என்றான் அந்த மகராசன். நாற்பது தலைகள் திரும்பின. போனவள் போனவள்தான், திரும்பி வரவில்லை.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே எல்லப்பன் நடத்தும் செல்லப்பிராணிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மீன், லவ் பேர்ட்ஸ், முயல் எல்லாம் பழகினாள். மனசுக்குள் ராஜசேகரைக் கறுவிக்கொண்டே கூண்டு கழுவினாள்.

ஒரு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே கடைக்குள் வந்தான். அவள் பார்த்ததுமே கண்டுகொண்டாள். அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. லைனில் தொப்பியும் முகக்கவசமுமாகத்தானே அவளைப் பார்த்திருக்கிறான்!

"இன்னாமா இது, உடும்பு மாரி கீது?"

"இகுவானா சார். பச்சை ஓணான் சாதி."

"கொரைக்குமா, கத்துமா?"

"ரெண்டும் கிடையாது சார்."

"அதான் வேணும். நாள் பூரா கத்திட்டு வரேன். வூட்ல நான் ஒண்டி. போட்ட எடத்துல படுத்துக்கினு கெடக்கணும்."

கடையில் இரண்டு இகுவானாக்கள் இருந்தன. ஒன்று பட்டப்பகலில் கண்ணை மூடிக் கிடந்தது. இன்னொன்று கண்ணாடியில் கை வைத்தாலே வாலைச் சுழற்றி அடிக்கும். ராஜசேகர் படுத்துக் கிடந்ததைக் காட்டி, "இது நல்லா அடக்கமா கீது, இத்த குடு" என்றான்.

அடக்கமாம்! அது சீக்காளி. தாடை மெத்தென்றாகி, பின்னங்கால் வீங்கிப் போயிருந்தது. பத்து நாள் தாங்கினால் அதிகம். அதை எடுத்துக் கொடுத்தால் பணமும் போய், பிணத்தையும் அவன்தான் புதைக்க வேண்டும். முத்துச்செல்வியின் கை அந்தக் கூண்டின் கொக்கிவரை போனது. அப்புறம் நின்றது. பத்து நாளில் தீருகிற பழி ஒரு பழியா? அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அவளுக்கு நின்று கொல்லத்தான் ஆசை.

"அது சரிப்படாது சார். துடியா இருக்கதுதான் நல்ல உருப்படி. பதினஞ்சு வருசம் இருக்கும்" என்று வாலடிக்கிறதைத் தூக்கிக் கொடுத்தாள். பதினைந்து வருடம் என்றதும் அவனும் சரியென்று வாங்கிக்கொண்டான், எவ்வளவு பெரிதாகும் என்று கேட்கவில்லை. ஐந்தடி வளரும் என்று அவளும் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பிராணி என்பதால் எல்லப்பன் அரசாங்கப் பதிவில் அவன் பெயரையும் ஆதாரையும் ஏற்றினார். இனி நினைத்த இடத்தில் விட்டுவிட்டு வர முடியாது.

வளர்க்கும் விதத்தில் அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வெயிலுக்குப் பதிலாகப் பகல் முழுக்க யூவி விளக்கு எரிய வேண்டும். முருங்கைக்கீரையும் பூசணியும் தினமும் பொடியாக நறுக்கிப் போட வேண்டும்.

"காலையில வெதுவெதுப்பான தண்ணியில உக்கார வைக்கணும் சார். அதுலதான் வெளிக்கி போவும். போற வரைக்கும் பக்கத்துலயே நிக்கணும். அவசரப்படுத்துனா அடக்கிக்கிடும். அடக்குனா என்ன கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது."

எட்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தான். முன்கையில் வாலடித் தழும்பு, கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"தெனம் பாத்ரூம்ல முக்கா மணி நேரம் நிக்கிறேம்மா. அது போற வரைக்கும் கம்பெனி பஸ் நிக்குமா? இந்த மாசம் நாலு லேட் மார்க். மேனேஜர் எல்லாரையும் வெச்சிகினு இன்னா காரணம்னு கேக்கறான். ஓணானுக்கு வரலன்னா சொல்றது? வுட்டுட்டுப் போவவும் மனசு வல்ல. பாவம், வாயில்லா ஜீவன்."

முதல் பாதி அவள் வயிற்றில் பாலை வார்த்தது. கடைசி வார்த்தையில் பற்றிக்கொண்டு எரிந்தது. ஓணானுக்கு இரங்குகிற மனசு இவனிடம் இருந்திருக்கிறதே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை. யார் கொடுத்த தண்டனை என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"சார், உங்க லைன்ல முத்துச்செல்வின்னு எங்க ஊர்க்காரி ஒருத்தி இருந்தா. நீங்க பாஸ் குடுக்காம, கோட்டெல்லாம் கறையாகி, வேலைய விட்டுப் போனா. நெனப்பிருக்கா?"

ராஜசேகர் நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தான். ஒளிக்கிற முகமாக அது இல்லை.

"யாரும்மா அது? அந்த மாரி நாலஞ்சு பேர் போய்க்கிறாங்க. பேரெல்லாம் எவன் ஞாபகம் வெச்சிகினு கீறான்? அத்த வுடு, இதுக்கு ஒரு வழி சொல்லு."

நாலைந்து பேர். ஒன்றேமுக்கால் வருடம் அவள் தூக்கம் கெட்டுச் சுமந்தது, அவன் தலையில் ஒரு ஓரத்தில்கூட இல்லை. தொண்டைவரை வந்த தன் பெயரை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"வெயில் காலம் வருது சார். இனிமே சாயங்காலமும் ஒருதடவ தண்ணியில உக்கார வைக்கணும்."

"ரெண்டு வேளையா?"

"ரெண்டு வேளை. கூடவே நிக்கணும்."

ராஜசேகர் போனை எடுத்து அதைக் குறித்துக்கொண்டான்.