மிஷின்கள் நின்ற நேரம்

என் இடது கை இரும்புக்கு அடியில் கிடந்தது. கத்திக் கத்தித் தொண்டை வறண்டுவிட்டது. ஒருவர் காதிலும் விழவில்லை. அன்றைக்கு முருகன் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மும்பை தாராவியில் ஒரு தகரப் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். பிரஸ் மிஷினில் மாட்டும் இரும்பு அச்சை 'டை' என்போம். இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பின்பக்கம் இருந்த டையை நான் ஒருவனாகவே நகர்த்தினேன். ஆளைக் கூப்பிடப் பொறுமையில்லை. அடியில் கொடுத்திருந்த கட்டை வழுக்கியது. டை என் விரல்கள் மேல் இறங்கியது.

முன்பக்கம் நான்கு மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கண் இருட்டியது. கை போய்விட்டது என்றே நினைத்தேன். "முருகா, யார் காதுலயாவது போடுப்பா!" என்று அழுதேன்.

கரண்ட் போனது. எல்லா மிஷின்களும் நின்றன. என் அழுகை மட்டும் கேட்டது.

கூட வேலை பார்க்கும் செல்லத்துரை ஓடி வந்தான். "அண்ணாச்சி, கைய இழுத்துராதிய! கடப்பாரை எடுத்துட்டு வாரேன்" என்றான். இன்னொருவரோடு சேர்ந்து நெம்பி, கையை விடுவித்தான்.

இரண்டு விரலை எடுக்க வேண்டிவரலாம் என்றார் டாக்டர். மூன்று நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் சுண்டுவிரல் நுனியோடு போயிற்று.

கட்டுப் பிரித்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கரண்ட் ஏன் போனது? அன்று கரண்டைச் சரிசெய்த எலக்ட்ரீஷியனைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"பழைய பியூஸ், பாய். ஜல் கயா", எரிந்துவிட்டது என்று சிரித்தார்.

"காலையிலிருந்து ஓடிய அதே நாலு மிஷின்தானே? அந்த நேரம் பார்த்து ஏன் எரியணும்?" என்று ஹிந்தியில் கேட்டேன். பழசு அப்படித்தான் என்றார். பியூஸ் எரிந்த காரணம் புரிந்தது. அந்த நிமிஷம் எரிந்த காரணத்தை எந்த எலக்ட்ரீஷியனிடம் கேட்பது? இன்றும் யோசிக்கிறேன்.

என் மனைவி முத்துலட்சுமி யோசிக்கவே இல்லை. "முருகன் ஆளத்தான அனுப்புனான்? இனிமே நீங்களே ஆளக் கூப்பிடுங்க" என்றாள்.

இப்போது டையைத் தொடுமுன் "முருகா" என்கிறேன். அடுத்து, "ஏல செல்லத்துரை, வால!" என்கிறேன்.

என்னைப் போல் தனியாகச் சுமக்கிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். வாய்விட்டுக் கூப்பிடுங்கள். கேட்கிறவன் இருக்கிறான்.