அவள் அமைதியாக இருக்க வேண்டும் என்று கேட்டேன்

சகோதரிகளே, துஆ கபூலானதற்காக, கேட்டது அப்படியே கிடைத்ததற்காக, அழுத ஒருத்தியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அழுதேன்.

2006. அமெரிக்காவில் சான் ஹோசேயில் இருந்தோம். மகள் சஃபியாவுக்கு ஆட்டிசம். பதினொரு வயதாகியும் பேச்சு வரவில்லை. கதவு திறந்திருந்தால் ரோட்டுக்கு ஓடிவிடுவாள். முதுகில் ஆபரேஷன் ஆன என்னால் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ள அரசு பணம் தரும் என்று கேள்விப்பட்டு அப்ளை பண்ணினோம். எத்தனை மணி நேரம் தேவை என்று பார்க்க ஒரு சோஷியல் வொர்க்கர் வருவதாக இருந்தது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கிரீன் கார்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ? பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்பார்களோ? வீட்டைத் துடைத்து, சமோசா பொரித்து, சஃபியாவுக்குப் பெருநாள் உடுப்பு போட்டுவிட்டேன். "யா அல்லாஹ், வர்றவங்க முன்னாடி இவ அமைதியா இருக்கணும்" என்று தொழுது கேட்டேன்.

தங்கமாக உட்கார்ந்திருந்தாள். கணவரும் பக்கத்தில் இருந்தார். அந்த அம்மா எதைக் கேட்டாலும் "ஷி மேனேஜஸ், நோ ப்ராப்ளம்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

உதவி தேவையில்லை என்று முடிவாகிவிட்டது. சில வாரங்களில், முதுகு வலி தாங்காமல் நான் சற்றுப் படுத்திருந்தபோது, சஃபியா வெளியே ஓடினாள். கார் இடித்து இடது கை முறிந்தது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் கருணை. ஆனால் அந்தக் கை இன்றும் முழுதாக நீளாது.

ஆஸ்பத்திரியில் கணவர், "அந்தம்மா வந்த அன்னிக்கு நானும் பக்கத்துலதானே இருந்தேன்? நானும் வாயத் திறக்கலியே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுபடி அப்ளை பண்ணினோம். இந்த முறை, "ரப்பே, என் வாயில உள்ளதை உள்ளபடி வர வை" என்று கேட்டேன். மகளிடமும் சொன்னேன்: "உன்னைப் பத்தி எல்லாத்தையும் சொல்லப் போறேன்மா. உம்மா மேல கோச்சுக்காதே." பேச்சு வராதே தவிர அவளுக்கு எல்லாம் புரியும். என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வந்த சோஷியல் வொர்க்கரிடம், கழுவிவிடுவது முதல், தன்னையே அவள் கடித்துக்கொள்வது வரை சொன்னேன். என் நாக்கு ஒரு இடத்திலும் குழறவில்லை. அந்தத் தைரியம் என்னுடையது அல்ல.

அல்ஹம்துலில்லாஹ், உதவி கிடைத்தது. பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு ஒரு பெண்மணி வர ஆரம்பித்தார். எந்த நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று நானும் கணவரும் ஞாயிறுதோறும் பேசி வைத்துக்கொள்கிறோம். என் மகள் இப்போது பூங்காவுக்குப் போகிறாள்.

நம்மில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது! நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று மறைத்தே பழகிவிட்டோம். படைத்தவனுக்குத் தெரியாத குறையா? உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள், தருவான். கேட்கத் தெரியாமல் கேட்டது நான். அடிபட்டது என் பிள்ளை.