கயிற்றைச் சுற்றிப் போகும் வழி

எங்கள் தெருவில் நடைபாதையை உடைத்துப் புதிதாகப் போடுகிறார்கள். அளவு பார்ப்பதற்காக முளைகள் அடித்து, முழங்கால் உயரத்தில் ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்றை நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் சிமெண்ட் வண்டி வழியை அடைத்து நின்றது. மறுபக்கம் கயிறு தெருமுனை வரை போனது. தபால் கொடுக்கும் பெண் கையில் காபியோடு அதைத் தாண்டினாள். நாயோடு வந்தவர்கள் தாண்டினார்கள். நாய்கள் அடியில் நுழைந்தன. நான் மட்டும் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கயிற்றின் ஓரமாகவே தெருமுனை வரை நடந்தேன். கடைசி முளையைச் சுற்றிக்கொண்டு, மறுபுறமாக அதே தூரம் திரும்பி வந்து, ரயில் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. தாமதம் ஏன் என்று மேலாளர் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. கால் அப்படிப் போனது, அவ்வளவுதான்.

நான் இருப்பது டொரண்டோவுக்கு மேற்கே ஒரு சிறு புறநகரம். இதன் வரலாறு நூலகத்தின் ஒரு சுவரில் அடங்கிவிடும்: ஆப்பிள் தோட்டங்கள், பழப்பெட்டிகளை ஏற்ற ஒரு மர ரயில் நிலையம், பிறகு தோட்டங்களை மனைகளாகப் பிரித்த வரைபடம், பிறகு எங்களைப் போன்றவர்களின் வீடுகள். வெட்டிய மரங்களின் பெயர்களைத் தெருக்களுக்கு வைத்துவிட்டார்கள். எங்கள் தெரு ரஸ்ஸெட். தோல் சொரசொரப்பான ஒரு ஆப்பிள் வகையாம். தெருவில் அந்த மரம் ஒன்றுகூட இல்லை. நான் வந்தது, ஆயிரம் வருடக் கோயில்களை டீக்கடைக்கு அடையாளமாகச் சொல்லும் ஊரிலிருந்து. ஆனாலும் இரண்டு ஊருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. காஞ்சிபுரத்திலும் விடியும்போது கம்பெனி பஸ்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தபோது நானும் அப்படித்தான் போனேன், பக்கத்து சீட்டுப் பெண் என் தோளில் சாய்ந்து தூங்க. இங்கே ரயிலில் யாரும் யார் தோளிலும் தூங்குவதில்லை. கார்களும் ரயிலும் ஆட்களைக் கொண்டுபோன பிறகு எங்கள் தெரு மாலை வரை மீன் இல்லாத மீன்தொட்டிபோல் வெளிச்சமாகக் கிடக்கும்.

"இன்னாடி இது, தெருவ இவ்ளோ சுத்தமா பெருக்கி வெச்சிட்டு எல்லாரும் எங்க போயிட்டாங்க?" என்று அம்மா வந்த முதல் வாரம் கேட்டாள்.

அப்பா இறந்த பிறகு காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்து வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். வசந்தத்தில் அவளை இங்கே அழைத்துவந்தேன். இனி என்னோடுதான் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அவள் தங்கும் காலத்தை நீட்டிக்க, இலைகள் நிறம் மாறுவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். எதையும் பட்டியல் போடாமல் என்னால் யோசிக்க முடியாது. இட்லி அரிசி கிடைக்கும் கடை, நடக்கும் தூரத்தில் மருத்துவர், ஒரே பஸ்ஸில் போகக்கூடிய முருகன் கோயில், குளிருக்குக் கனமான கோட்டு. எல்லாம் தயார். அம்மாவின் "சரி" மட்டும்தான் வரவில்லை. கேட்கும்போதெல்லாம், "பாக்கலாம்மா" என்பாள்.

ரயிலைத் தவறவிட்ட அன்று மாலை வீடு திரும்பியபோது, வாசற்படியில் அம்மாவும் பக்கத்து வீட்டு டயானும் உட்கார்ந்திருந்தார்கள். டயான் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். தோட்டங்கள் கொஞ்சம் மிச்சமிருந்த காலத்தில் இந்த ஊரிலேயே பிறந்தவள். அம்மாவின் கையை அவள் விடாமல் பிடித்திருந்தாள். என்னைத் தனியாக அழைத்துத் தணிந்த குரலில் சொன்னாள்: "உன் அம்மா எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்று நின்றார். ஆனால் கயிற்றை ஒட்டியே நடந்து போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். வழி மறந்துவிட்டது போலிருக்கிறது. என் அக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது."

போன வாரம் அம்மா அடுப்பில் பாலை மறந்தது, சாவியைத் தேடியது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. இனி பகலில் இவளை எப்படித் தனியே விடுவது?

"அம்மா, கயித்த ஏம்மா தாண்டல?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாவ யாருனா தாண்டுவாங்களாடி?"

பாவு என்பது சேலையின் நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகளின் தொகுதி. தறியில் ஏற்றுமுன் அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளை முடிந்து சீராக்குவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதால், விடிகாலையில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு பாவுக்குத்தான் சொந்தம். பால்காரர் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றுவார். ஸ்கூட்டரை அணைத்து, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு வீட்டின் பாவுக்கு நாலு வீட்டு ஆட்கள் வந்து முனைகளை இழுத்துப் பிடித்து நிற்பார்கள். தலைபோகும் அவசரமானாலும் முனைவரை போய்ச் சுற்றித்தான் வரவேண்டும். பல் தேய்த்துக்கொண்டே அப்படிச் சுற்றி வளர்ந்தவள் நான். காலையில் ரயில் ஏன் போயிற்று என்பது அப்போதுதான் விளங்கியது.

"அது பாவு இல்லியேம்மா."

"அது எனக்குத் தெரியாதா? காலுக்குத் தெரியலியே!" என்று அம்மா சிரித்தாள். உடனே டயானைக் கண்ணால் காட்டி, "இவங்க இன்னா சொல்லிக்கினு இருந்தாங்க? எனக்குப் பைத்தியம் புடிச்சிதுன்னா?" என்றாள்.

டயானுக்கு விளக்க முயன்றேன். நூல், தெரு, தாண்டக்கூடாது என்றேன். அவள் முகம் தெளிந்தது. "ஓ, ஏணிக்கு அடியில் போனால் கெட்டது நடக்கும் என்போமே, அதுபோலவா?" என்றாள். இல்லை, அதன்மேல் ஒருவரின் உழைப்பு இருக்கிறது என்று சொல்லத் தொடங்கி, களைத்து, "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றேன். அம்மாவுக்கு அதை மொழிபெயர்த்தபோது, "ஏணிக்கு அடியில போனா இன்னா ஆவும்? சுண்ணாம்பு கொட்டும், அவ்ளோதான்" என்றாள்.

மறுநாளிலிருந்து டயானும் கயிற்றைத் தாண்டவில்லை. அம்மா தமிழில் ஒரு பேச்சு, அவள் ஆங்கிலத்தில் ஒரு பேச்சு, இருவரும் கடைசி முளைவரை நடந்து சுற்றி வருவார்கள். டயான் கையை நீட்டி எங்கெங்கே தோட்டம் இருந்தது என்று காட்டுவாள். அம்மா தலையாட்டிவிட்டு, சர்வதீர்த்தக் குளத்தில் தண்ணீர் நிரம்பிய கதையைச் சொல்வாள். கோடை வெளிச்சத்தில் இருவரும் மிதந்து போவதுபோல் இருக்கும். அம்மா தங்கிவிடுவாள் என்று நான் மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

இங்கே மாலை மங்கும்போது அங்கே விடியும். ஒருநாள் அந்த நேரத்தில் ஊரிலிருந்து எதிர்வீட்டுச் செல்வி வீடியோவில் கூப்பிட்டாள். "இன்னாக்கா, வெள்ளக்காரி ஆயிட்டியா? இங்க பாரு, பாவு போட்டுக்கினு இருக்கோம். உன் எடத்துல என் மருமவன நிக்க வெச்சேன். இழை அறுந்துது கூடத் தெரியாம போனப் பாத்துக்கினு நிக்குது!"

"டேய், அந்தப் பக்கம் தொங்குது பாரு, இழு!" என்று அம்மா இங்கிருந்து கத்தினாள். சோபாவில் சாய்ந்திருந்தவள் எப்போது எழுந்து நின்றாள் என்று நான் கவனிக்கவில்லை.

"உன் வீட்டுப் பாவுக்கு நாங்க வந்தோம். எங்க பாவுக்கு நீ எப்பக்கா வருவ?"

போனை வைத்த பிறகு நான் கேட்டேன்: "விண்ணப்பம் போடட்டுமாம்மா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "இங்க எனக்கு ஒரு கொறையும் இல்லமா. நீ நல்லாத்தான் வெச்சிக்கினு இருக்க. ஆனா காலைல எழுந்து கதவத் தொறந்தா, நான் வந்து நிக்கணும்னு இந்தத் தெருவுல யாரும் காத்துக்கினு இல்லியே."

நான் காத்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கதவை அவள் திறக்கும் நேரத்தில் நான் ரயிலில் இருப்பேன்.

இலைகள் சிவப்பதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். விமான நிலையத்துக்கு டயான்தான் வண்டி ஓட்டினாள். கனமான கோட்டு அலமாரியில் உறை பிரிக்காமல் தொங்குகிறது.

கயிறும் போய்விட்டது. வெள்ளையாகப் புது நடைபாதை வந்திருக்கிறது. நேற்று மாலை, வாசலிலிருந்து நேராகத் தெருவில் இறங்கப் போன டயான் சட்டென்று நின்று, முனைவரை நடந்து, இல்லாத முளையைச் சுற்றி வந்தாள். என்னைப் பார்த்து வெட்கத்தோடு தோளைக் குலுக்கினாள். நான் சிரிக்கவில்லை, நானும் அப்படித்தான் வந்திருந்தேன்.

அப்போது அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். திரையில் விடியலும் பாவும் மட்டும். தூரத்து முனையில் அம்மா நிற்கிறாள். பாவின் இந்தப் பக்கத்து முனை திரையின் விளிம்பைத் தாண்டி என்னை நோக்கி வருகிறது. அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. விளக்குகள் எரியத் தொடங்கிய ரஸ்ஸெட் தெருவில், போனை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி நான் அசையாமல் நின்றிருந்தேன். கொஞ்சம் தளர்ந்தால்கூட அங்கே பாவு தொங்கிவிடும் என்பதுபோல்.