வழி கேட்காத வரிசை

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதம். குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், நெல் அறுக்கும் இயந்திரம் ஒன்றோடு சம்பா அறுவடைக்கு வந்து தங்கியிருந்தேன். நான் வண்டி ஓட்டுகிறவன் இல்லை. முன்னாலேயே ஊருக்குள் போய், யார் வயல் முதலில், யார் வயல் அடுத்தது என்று நோட்டில் எழுதி முறை போடுகிறவன். அதற்கு முன் கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் இருந்தேன். அதற்கும் முன் திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் ஓட்டல். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தமிழ் படிப்பேன், ஆனால் எழுத்துக் கூட்டித்தான்.

ஒரு நாள் டீக்கடைக்கு நான்கு பள்ளிக்கூடப் பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். பிளஸ் ஒன் படிக்கிறவர்கள். கம்ப்யூட்டர் டீச்சர் சற்றுத் தள்ளி நின்றார். அறுவடை வண்டிக்குச் சொல்லிவைக்க போனில் ஒரு செயலி செய்யப்போகிறார்களாம்.

"என் பொழப்புக்கே வேட்டு வைக்க வந்திருக்கீங்களா?" என்றேன்.

"இல்லண்ணா, உங்க நோட்டத்தான் போனுக்குள்ள வைக்கப்போறோம்" என்றாள் கண்ணாடி போட்ட பெண்.

அவள்தான் கேள்வி கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை ஏக்கர் அறுக்கும், ஈர வயலுக்கு எந்த வண்டி, மழை வந்தால் என்ன செய்வீர்கள். என் வேலையைப் பற்றி அதுவரை யாரும் இவ்வளவு கேட்டதில்லை. இரண்டாவது டீயும் சொன்னேன்.

"யாருக்கு முதல்ல, யாருக்கு அப்புறம்னு எப்படிண்ணா முடிவு பண்ணுவீங்க?"

"முதல்ல சொல்றவங்களுக்கு முதல்ல. வேற என்ன?"

அதையும் எழுதிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் போனோடு வந்தார்கள். "எல்லாத்தையும் அழுத்திப் பாருங்கண்ணா. எங்க தப்பு இருக்குன்னு சொல்லுங்க." நான்கு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தத் திரையில் இருந்ததைப் படிக்க எனக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். கட்டைவிரலால் மேலும் கீழும் தள்ளிவிட்டு, "அருமையா இருக்கு" என்றேன்.

"முழுசா பாத்தீங்களா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு."

ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் பன்னிரண்டு பேர் அந்தச் செயலியில் பதிவு செய்து பார்க்கச் சம்மதித்தார்கள். என் நோட்டைப் பையில் போட்டுவிட்டேன். இது எப்படித்தான் நடக்கிறது பார்ப்போமே என்று எனக்கும் ஆசை.

சனிக்கிழமை காலை முதல் வயல் முடிந்தது. நான்கு பெண்களும் டீச்சரும் பார்க்க வந்திருந்தார்கள். செயலியின் வரிசையில் இரண்டாவது பெயர், ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிற ஓர் அக்காவுடையது. கதிர் முற்றி, காற்றில் பாதி வயல் சாய்ந்துவிட்டிருந்தது. இரண்டு நாளில் மழை என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். சாய்ந்த நெல் நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். அந்த வருடத்துக்கு அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். சாக்குகளோடு வந்து நின்றார்.

வயலைப் பார்த்ததும் வண்டியை ரோட்டிலேயே நிறுத்தச் சொன்னேன். அது நடுவயல். ரோட்டுப் பக்கம் இருந்தது ஒன்பதாவது ஆளுடைய வயல். கதிர் இன்னும் பச்சை, நான்கு நாளாவது ஆகும். மறுபக்கம், வண்டி வரக்கூடிய வாய்க்கால் கரையை ஒட்டிய வயல்காரர் போன வாரமே வேறு வண்டி வைத்து அறுத்துவிட்டார். அறுப்புக்கு முன்பே அவர் தெளித்திருந்த உளுந்து இப்போது இரண்டு இலை விட்டிருந்தது. அன்றைக்கே அந்த வண்டிக்காரர் அக்காவையும் கூப்பிட்டிருக்கிறார். அக்காதான் "எனக்குப் போன்ல முறை இருக்கு" என்று அவரை அனுப்பிவிட்டாராம்.

அந்தப் பக்கங்களில் நடுவயலுக்குத் தனிப்பாதை கிடையாது. அடுத்தவர் வயலை அறுத்தால்தான் வண்டி உள்ளே போகும். நோட்டில் ஒரு பெயரை எழுதுவதற்கு முன்னால், "வழி யாரோடது?" என்று கேட்பேன். அதை வைத்துத்தான் முறையே போடுவேன். கேட்டுக் கேட்டுப் பழகி, அதுவும் என் வேலைதான் என்பதே எனக்கு நினைவில்லாமல் போயிருந்தது. முதலில் சொன்னவருக்கு முதலில் என்று நான் ஒருநாளும் முறை போட்டதில்லை.

"அப்ப நான் என்ன செய்யறது? நெல்லு முளைச்சு நிக்கறத பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்று அக்கா அந்தப் பெண்களிடம் கத்தினார்.

கண்ணாடிப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது. "இந்த அண்ணன்தான் அப்படிச் சொன்னார்" என்று என்னைக் காட்டியிருக்கலாம். நான் சொன்னது அவள் நோட்டில் அப்படியே இருந்தது. "எங்க தப்புதான்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வரப்பில் நின்றிருந்த உளுந்துக்காரரிடம் போனாள்.

"போன்ல அழுத்துனா வழி வருமே, அழுத்திப் பாரேன் பாப்பா" என்றார் அவர்.

"அந்தப் பட்டன வைக்க மறந்துட்டோம் ஐயா. அதான் நேர்ல வந்து கேக்கறோம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இறங்கி வரவில்லை. "செயின் சக்கர வண்டி ஏறித் திரும்புச்சுன்னா பாதி உளுந்து போயிடும். வேற வேலையப் பாரு."

டீச்சர் பேசுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் வேப்பமர நிழலில் பேசாமல் நின்றார்.

அந்தப் பெண் கெஞ்சவில்லை. "வண்டி எவ்வளவு அகலம்ண்ணா?" என்று என்னைக் கேட்டாள். எட்டடி என்றேன். போன தடத்திலேயே திரும்பி வருமா, உளுந்தில் திரும்பாமல் அக்கா வயலுக்குள்ளேயே திரும்பிக்கொள்ளுமா என்று கேட்டாள். வரும், திரும்பும் என்றேன். கயிறு வாங்கி எட்டடி அளந்து, வாய்க்கால் கரையிலிருந்து அக்காவின் வரப்பு வரை இரண்டு வரிசையாகக் குச்சி நட்டார்கள். உளுந்துக்காரர் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வயல் என்று அவர் நினைத்தது ஒரு பட்டை அகலம்தான்.

"சரி, நாளைக்கு இன்னொருத்தன் இதே மாதிரி வந்து நின்னா? இந்த முறைய போட்டது யாரு?" என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"நான்தாங்க" என்றேன். "இதுங்க கேட்டப்ப தப்பா சொல்லிட்டேன். பாத்துச் சொல்லுங்கன்னு குடுத்தப்ப படிக்கவே இல்ல. எனக்கு வேகமா படிக்க வராது. பிள்ளைங்க முன்னாடி எழுத்துக் கூட்ட வெக்கமா இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வைக்கோல் எனக்கு. தடத்துல போற உளுந்த நீயே வந்து தெளிச்சுக் குடு."

"வைக்கோல் பூராவும் எடுத்துக்குங்கண்ணே, நெல்லு வீடு வந்தா போதும்" என்றார் அக்கா.

மூன்று மணிக்கெல்லாம் அறுத்து முடித்துவிட்டோம். மறுநாள் காலை நான் உளுந்து தெளிக்கப் போனபோது நான்கு பெண்களும் எனக்கு முன்னால் வந்து நின்றார்கள். நான் கூப்பிடவே இல்லை. டீச்சரும் கூட வந்திருந்தார். மத்தியானம் மழை பெய்தது. பெரிய மழை இல்லை. சாய்ந்து கிடந்திருந்தால் கதிர் முளைக்க அதுவே போதும்.

"நேத்து நீங்க ஏன் டீச்சர் ஒரு வார்த்தைகூட பேசல?" என்று கேட்டேன்.

"பேசியிருந்தா அது பிள்ளைங்களோட ஆப்பா இல்லாம என் ஆப் ஆயிருக்கும்ங்க" என்றார்.

அடுத்த வாரம் கண்ணாடிப் பெண் மறுபடி போனை நீட்டினாள். "இந்தத் தடவ சத்தமா படிக்கணும்ண்ணா. எவ்வளவு நேரம் ஆனாலும் நிப்போம்." முதல் திரையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: உங்கள் வயலுக்கு வண்டி யார் வயல் வழியாக வர வேண்டும்? எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்றாவது திரையில் நின்றுவிட்டேன். "இது எனக்குப் புரியல" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. சட்டென்று நோட்டைத் திறந்து, எந்த இடம் என்று கேட்டு எழுத ஆரம்பித்தாள்.

அந்த வண்டியை விட்டு வந்துவிட்டேன், இப்போது வேறு ஊர், வேறு வேலை. யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் வாயால் சொல்வதில்லை, ஒரு நாள் என்கூடவே வந்து பாருங்கள் என்கிறேன். யாராவது ஒரு தாளை நீட்டினால், கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று கேட்டு அங்கேயே நின்று படிக்கிறேன். புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு முப்பத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது. இன்றும் அதைச் சொல்லும்போதெல்லாம், எதிரே அந்தப் பெண் நோட்டைத் திறப்பது போலத்தான் இருக்கிறது.