தலையில் எண் இல்லாத போல்ட்

தெருவில் அவளைக் கண்ணாடிக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்துவது வேலை. கடுகு போன்ற திருகாணிகளை நாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு முடுக்குவாள். வீட்டில் பேச்சுத்துணை வானொலி மட்டும்தான். மணமுறிவுக்குப் பிறகு மகன் அப்பாவோடு வேறு ஊரில் இருந்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு, இருட்டும்வரை அவன் அவளுடையவன். அந்தப் பழைய காரை விற்காமல் வைத்திருந்ததே அதற்காகத்தான்.

அந்த ஞாயிறு விடிந்ததும் முன்சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் பேடு மாற்றினாள். அதெல்லாம் ஒழுங்காகத்தான் முடிந்தது. பேடுகளை அழுத்தும் காலிப்பரைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டை முடுக்கும்போதுதான் வினை. கடுகுத் திருகாணிக்கே அவ்வளவு பாடென்றால் விரல் தடிமன் போல்ட்டுக்கு எவ்வளவு பலம் வேண்டும்! ஸ்பேனர்மேல் ஏறியே நின்றாள். போல்ட்டின் தலை படக்கென்று தெறித்து உருண்டது.

மிச்சத்தைக் குறடால் திருகி எடுத்து, தலையையும் பொறுக்கிக்கொண்டு ஓடினாள். திறந்திருந்தது ஒரே ஒரு இரும்புச் சாமான் கடை. கடைக்காரர் உடைந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுமேல ஏறி ஊஞ்சலாடுனீங்களா?”

“கொஞ்சம் இறுக்கிட்டேண்ணே.”

“கொஞ்சமா! இந்தாங்க, அச்சு அசல் இதேதான்.”

மரை பொருந்தியது, நீளமும் பொருந்தியது. ஆனால் உடைந்த தலையில் 10.9 என்று உறுதியைக் குறிக்கும் எண் இருந்தது. இதன் தலை மொட்டையாக இருந்தது.

“இது கட்டிலுக்குப் போடுறதாச்சே?”

“கட்டில்ல ரெண்டு பேர் படுத்தாலும் தாங்குதில்ல?”

“கட்டில் ரோட்டுல ஓடாதுண்ணே.”

அவர் சிரித்துவிட்டார். “அப்போ பழைய கார் பிரிச்சு விக்கிறவர்கிட்டதான் போகணும். மத்தியானத்துக்கு மேலதான் திறப்பார்.”

போல்ட் உள்ளங்கையில் கிடந்தது. அதை மாட்டினால் இப்போதே கிளம்பிவிடலாம். மகன் முன்சீட்டில்தான் உட்காருவான். பெல்ட் போடச் சொன்னால் காதிலேயே வாங்கமாட்டான். போல்ட்டைப் பெட்டியில் திரும்பப் போட்டாள்.

வெளியே வந்து போன் செய்தாள்.

“கண்ணா, பிரேக் போல்ட் உடைஞ்சிடுச்சுடா. மத்தியானத்துக்கு மேலதான் கிடைக்கும்.”

“பஸ்ல வாயேன்.”

“ரெண்டு பஸ் மாறி வர்றதுக்குள்ள இருட்டிடும்.”

“சரிம்மா, அப்போ நான் பசங்களோட விளையாடப் போறேன். நீ அடுத்த மாசமே வா.”

கோபமே இல்லாமல் சொன்னான். கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மத்தியானம், பின்பக்கம் நசுங்கிக் கிடந்த அதே மாதிரிக் காரிலிருந்து எண் பொறித்த போல்ட் கிடைத்தது.

“கையால மட்டும் இறுக்கும்மா, உடம்பைப் போடாத” என்று சொல்லித்தான் பழைய கார்க்காரர் கொடுத்தார். அப்படியே செய்தாள். சக்கரத்தை மாட்டி, பழக்கதோஷமாக மகன் ஊருக்குச் சாலை பிரியும் முனைவரை ஓட்டிப் போனாள். பிரேக்கை மிதித்தாள், கார் ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றது. அவளுக்கென்று கொடுத்த பகலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஆனால் போய்ச் சேர அது போதாது.

வண்டியைத் திருப்பினாள்.